எட்டு ஆடி கண்டவன்

போன மாதம் சின்னசேலம் பக்கம் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் ‘மூத்த இயற்கை விவசாயி’ என்று போட்டிருந்தார்கள். துண்டு போர்த்தினார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வயசு 68, அது சரி. ஆனால் விவசாயத்தில் நான் மூத்தவனா?

வங்கியில் இந்தக் குழப்பம் கிடையாது. சீனியாரிட்டி லிஸ்ட் என்று ஒன்று இருக்கும். எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவர் எனக்கு மேலே, பின்னால் சேர்ந்தவர் கீழே. 2017-இல் ஓய்வு பெற்று, அப்பாவின் மூணு ஏக்கரில் இறங்கினேன். அடுத்த வருஷம் தொடங்கி இதுவரை எட்டு ஆடிப்பட்டம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வங்கியில் ஒரே வாரத்தில் நாற்பது பயிர்க்கடன் மனு பார்ப்போம். ஒன்றில் தவறினால் அடுத்ததில் உஷாராகிவிடலாம். மரவள்ளியில் தவறினால் திருத்திக்கொள்ளப் பத்து மாதம் ஆகும்.

அப்படி ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022 தை மாதம். சென்னை வேலையை விட்டு ஊருக்கு வந்த பக்கத்துக் காட்டுத் தம்பி, “சார், உங்க தோட்டத்து விதைக்குச்சி குடுங்க, ரசாயனம் படாததா இருக்கு” என்று கேட்டான். என் தோட்டத்தில் சில செடிகளில் நுனி இலை சுருண்டு கொத்துக் கொத்தாக நின்றது, வெள்ளையாக மாவும் தெரிந்தது. பப்பாளியில் வந்த பழைய மாவுப்பூச்சிதான் என்று நினைத்தேன். “வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சா போயிடும் தம்பி, பயப்படாதே” என்று கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினேன்.

வந்திருந்தது வேறு பூச்சி. 2020-இல் கேரளாவில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி. விதைக்குச்சி வழியாகவே ஊர் விட்டு ஊர் பரவக்கூடியது. அவனுடைய ஒன்றரை ஏக்கரும் கணு குறுகிக் குட்டையாக நின்றது. ஒரு வார்த்தை அவன் என்னைக் குறை சொல்லவில்லை. “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்றான். அதுதான் வலித்தது. அவன் நம்பியது என் நாலு வருஷ விவசாயத்தை அல்ல, என் நரைத்த தலையை.

இந்தப் பூச்சி தென் அமெரிக்காவில் பிறந்தது. 1970-களில் ஆப்பிரிக்கா போய் அங்கே மரவள்ளியை அழித்தது. அதன் சொந்த ஊரிலேயே அதன் எதிரியைத் தேடி, அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைக் கண்டுபிடித்து, 1980-களில் ஆப்பிரிக்க வயல்களில் விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அதே குளவியை நம் விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்தக் கஷ்டத்தை முதலில் பட்டவர்களிடம் போய்க் கேட்டார்கள். இந்தப் பூச்சி விஷயத்தில் ஆப்பிரிக்க விவசாயிதான் நமக்கு சீனியர்.

அதற்கடுத்த வருஷம் நானும் தம்பியும் சாமை விதை தேடி கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு மலையாளி அம்மா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காட்டில் நிற்பவர். எப்போது விதைக்கலாம் என்று கேட்டேன்.

“போன வருஷம் நான் சொன்னது தப்பாப் போச்சுங்க ஐயா. மழை பின்னால வந்துடுச்சு. இந்த வருஷம் பாதி இப்ப வெதைக்கிறேன், பாதி அப்புறமா.”

நாற்பது வருஷ அனுபவம் பேசியது அப்படி. நாலு வருஷ அனுபவம்தான் ‘பயப்படாதே’ என்றது.

வேளாண்மைப் பட்டம் பெற்ற நம்மாழ்வார் ஐயா, 1969-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டுவிட்டு உழவர்களிடம் கற்றுக்கொள்ள வந்தார். நமது அங்கக சான்றிதழிலும் பாருங்கள், ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மரப்பயிருக்கு 3 ஆண்டு என்று மாறுதல் காலம் கணக்கிடுவது நிலத்துக்குத்தான். விவசாயியின் வயதை யாரும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் யாராவது யோசனை கேட்டால் மூணு காரியம் செய்கிறேன். அந்தப் பயிரை எத்தனை பட்டம் வைத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்ற கதையைச் சேர்த்தே சொல்கிறேன். விதைக்குச்சி கொடுப்பதென்றால், வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு செடி செடியாக நுனி பார்க்கிறேன். சுருட்டை கண்ட தோட்டத்துக் குச்சி வெளியே போகாது. நுனியைக் கிள்ளி எரித்துவிடுகிறோம்.

தம்பி இன்றும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் இந்தத் தையில் குச்சி வெட்டும்போது எனக்கு முன்னால் வரப்பில் நடந்து நுனி பார்த்தது அவன். “சார், இந்த வரிசை வேண்டாம்” என்றான். விட்டுவிட்டோம்.

அடுத்த கூட்ட நோட்டீஸில் ‘மூத்த’ என்பதை எடுத்துவிட்டு ‘எட்டு ஆடி கண்டவர்’ என்று போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எத்தனை ஆடி கண்டீர்கள்? அதில் எத்தனை உங்களைக் கவிழ்த்தது? கூட்டத்துக்கு வரும்போது அதையும் கொண்டு வாருங்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நம் விளைச்சல் கணக்கைவிட அதுதான் அதிகம் உதவும்.