ஏழு கல் ஆடிய எந்திரங்கள்

தட்டையான ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தள்ளி நின்று பந்தால் அடித்து அதைச் சரிக்க வேண்டும். எதிர் அணியினர் பந்தை எடுத்து நம்மை அடிப்பதற்குள் கற்களைத் திரும்பவும் அடுக்கிவிட வேண்டும். சிறு வயதில் இந்த ஆட்டத்தை ஆடாதவர் உண்டா?

நம் பக்கத்தில் இதற்கு ஏழு கல் என்று பெயர். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் லகோரி என்பார்கள். தில்லிப் பக்கம் பித்தூ என்பார்கள். பெயர்தான் வேறு. ஆட்டம் ஒன்றுதான்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புது தில்லியில் இந்த ஆட்டம் பெரிய போட்டியாக நடந்தது. பல நாட்டுக் கல்லூரி மாணவர்களின் அணிகள் கலந்துகொண்டன. ஆனால் பந்து எறிந்தது மாணவர்களின் கை அல்ல. கல் அடுக்கியதும் அவர்கள் கை அல்ல. அவர்கள் செய்த ரோபோக்கள்தான் ஆடின.

ரோபோ என்றால் என்ன?

மாவு அரைக்கும் கிரைண்டர் ஓர் எந்திரம். விசையைத் தட்டினால் சுற்றும். மாவு அரைபட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நாம் வந்து நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரோபோவும் எந்திரம்தான். ஆனால் அது மூன்று வேலைகளைச் செய்யும். சுற்றிலும் இருப்பதை அறியும். அடுத்து என்ன செய்வது என்று கணக்கிடும். பிறகு அதைச் செய்யும்.

அறிவதற்கு அதில் கேமராவும் உணர்கருவிகளும் இருக்கும். இவை கண்ணைப் போல. கணக்கிடச் சிறிய கணினி இருக்கும். இது மூளையைப் போல. நகரவும் தூக்கவும் மோட்டார்கள் இருக்கும். இவை கை கால்களைப் போல. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது பேட்டரி.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ரோபோவின் மூளைக்குச் சொந்த அறிவு கிடையாது. எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று மனிதர்கள்தான் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். எழுதியதில் தவறு இருந்தால் ரோபோவும் தவறு செய்யும்.

நாட்டுக்கு நாடு ஒரு விளையாட்டு

இந்தப் போட்டியின் பெயர் ரோபோகான். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் இதை நடத்துகிறது. முதல் போட்டி 2002இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் நடந்தது. நம் நாட்டில் இதற்கான பொறுப்பு தூர்தர்ஷனுடையது. முதலில் நம் நாட்டுக் கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும். அதில் வெல்லும் அணி மற்ற நாட்டு அணிகளோடு மோதும். நம் நாட்டு அளவிலான போட்டியும் அண்மை ஆண்டுகளில் தில்லியில்தான் நடக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாடு போட்டியை நடத்தும். அந்த நாட்டின் வழக்கத்திலிருந்தே விளையாட்டை எடுப்பார்கள். 2008இல் புனே நகரில் நடந்தபோது, உயரத்தில் தொங்கும் பானையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் ஆட்டம். நம் ஊர் உறியடிக்கு உறவு என்று சொல்லலாம். 2019இல் மங்கோலியாவில் நடந்தபோது, குதிரையில் செய்தி கொண்டுபோன பழைய வழக்கத்தை எடுத்தார்கள். அதற்காக நான்கு காலால் நடக்கும் ரோபோவை மாணவர்கள் செய்தார்கள். 2024இல் வியட்நாமில் நாற்று நட்டு நெல் சேர்க்கும் ஆட்டம்.

தில்லியில் நடந்தது ஏழு கல். ஆனால் அங்கே அடுக்கில் ஐந்து வட்டத் தட்டுகள்தான் இருந்தன. பெரியது அடியில், சிறியது உச்சியில். ஓர் அணிக்கு இரண்டு ரோபோக்கள். ஒரு ரோபோ பந்தை எறிந்து அடுக்கைச் சரிக்கும். இன்னொரு ரோபோ சிதறிய தட்டுகளைத் திரும்ப அடுக்கும். அடுக்கும் ரோபோவின் தலையில் ஒரு பந்து வைக்கப்பட்டிருக்கும். எதிர் அணியின் ரோபோ பந்து எறிந்து அதைத் தட்டிவிடப் பார்க்கும்.

நாம் ஆடும்போது முதுகில் அடி விழும். ரோபோவுக்குத் தலையில்!

பல மாதத் தயாரிப்பு

களத்தில் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கான உழைப்போ பல மாதம் நடக்கிறது.

முதல் வேலை படிப்பது. போட்டியின் விதிகள் ஒரு புத்தகமாக வரும். களத்தின் நீளம் அகலம், தட்டின் அளவு, ரோபோவின் அளவு, எடை எல்லாம் அதில் இருக்கும். ஒரு வரியைப் படிக்காமல் விட்டால் கூடப் பல மாத உழைப்பு வீணாகிவிடலாம்.

அடுத்து அணியினர் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். சிலர் இரும்பையும் அலுமினியத்தையும் அறுத்து உடம்பைச் செய்வார்கள். சிலர் மின்கம்பிகளை இணைப்பார்கள். சிலர் கணினிக்குக் கட்டளை எழுதுவார்கள். ஒருவர் வேலை சரியில்லை என்றால் மூவர் வேலையும் நின்றுவிடும்.

பிறகு சோதனை தொடங்கும். பந்து எறிவதையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வழி, வேகமாகச் சுற்றும் இரண்டு சக்கரங்களின் நடுவே பந்தைச் செலுத்துவது. சக்கரங்கள் பந்தைக் கவ்வி முன்னே வீசும். இன்னொரு வழி, அழுத்தி அடைத்த காற்றால் தள்ளுவது. பேருந்தின் கதவு "புஸ்" என்று திறக்கிறதே, அந்தக் காற்றின் பலம்தான்.

காலையில் எறிந்த பந்து குறி தவறாமல் படும். மாலையில் அதே பந்து முன்னாலேயே விழும். ஏன்? பேட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கும். சக்கரத்தின் வேகம் தளர்ந்திருக்கும். கல்லூரி அறையில் நிறத்தைச் சரியாகக் கண்டுபிடித்த கேமரா, அரங்கின் பெரிய விளக்கொளியில் தடுமாறும்.

ஆகவே மாணவர்கள் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிறார்கள். எத்தனை முறை எறிந்தோம், எத்தனை முறை பட்டது, அப்போது பேட்டரி எப்படி இருந்தது என்று எழுதுகிறார்கள். எழுதி வைத்தால்தான் தவறு எங்கே என்று தெரியும். நினைவை மட்டும் நம்பினால் அதே தவறு மறுநாளும் வரும்.

விளையாட்டால் என்ன பயன்?

"பந்து எறிய எந்திரம் எதற்கு? நம் பிள்ளைகள் எறிய மாட்டார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ரோபோ கற்களை அடுக்குவது பயிற்சி. ஒரு பொருளைக் கண்டுபிடித்து, பிடித்து, தூக்கி, சரியான இடத்தில் வைக்கும் எந்திரத்தைச் செய்யப் பழகுகிறார்கள். இந்தப் பழக்கம் வேறு இடத்தில் உயிரைக் காக்கும்.

2015இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்கள் பாதாளச் சாக்கடைக் குழியில் சிக்கினார்கள். அவர்களைக் காப்பாற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார். மூவருமே இறந்தார்கள். குழிக்குள் இருக்கும் நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாது. இறங்கியவர் மூச்சு அடைத்து மயங்கிவிடுவார்.

கேரளத்தில் குற்றிப்புறம் என்ற ஊரில் பொறியியல் படித்த நண்பர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கல்லூரியிலேயே எந்திரங்கள் செய்து பழகியவர்கள். அவர்கள் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் ரோபோவைச் செய்தார்கள். அதற்குப் பேண்டிகூட் என்று பெயர் வைத்தார்கள். பேண்டிகூட் என்றால் பெருச்சாளி. 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது.

இந்தப் பெருச்சாளியின் கை குழிக்குள் இறங்கி அடைப்பை அள்ளும். அதிலுள்ள கேமரா உள்ளே இருப்பதைக் காட்டும். தொழிலாளி மேலே நின்று, திரையைப் பார்த்து அதை இயக்குவார். அதை இயக்கத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பயிற்சி தந்தார்கள்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் தில்லியிலும் தமிழ்நாட்டிலும் சாவுகள் நிற்கவில்லை. சட்டமும் வேண்டும். எந்திரமும் வேண்டும். எந்திரத்தை வாங்கி, பயன்படுத்தும் மனமும் வேண்டும்.

எந்திரம் வந்தால் வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. அது வீண் பயம் அல்ல. சில வேலைகள் போகத்தான் செய்யும். ஆனால் குழிக்குள் இறங்குவது போகவேண்டிய வேலை. அந்த வேலையைச் செய்தவருக்கே எந்திரத்தை இயக்கும் வேலையைத் தர வேண்டும். இதை எந்திரம் முடிவு செய்யாது. மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தட்டுகளை அடுக்கக் கற்ற ரோபோவுக்கு, எதற்காக அடுக்குகிறோம் என்று தெரியாது. அதைச் செய்த மாணவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. கிரைண்டருக்கும் ரோபோவுக்கும் என்ன வேறுபாடு?
2. காலையில் சரியாக எறிந்த ரோபோ மாலையில் ஏன் குறி தவறியது?
3. உங்கள் ஊரில் சாக்கடையும் மலக்குழியும் எப்படிச் சுத்தம் செய்யப்படுகின்றன? யாராவது உள்ளே இறங்குகிறார்களா?
4. உங்கள் வேலையில் எந்தப் பகுதியை எந்திரம் செய்தால் நல்லது? எந்தப் பகுதியை மனிதர்தான் செய்ய வேண்டும்?