பொத்தானும் பட்டியலும்

கணினிக்கு ஏவலிடும் வழிகளுள் பொத்தான் ஒன்று, பட்டியல் மற்றொன்று. பொத்தான் ஏவியதை உடனே நிறைவேற்றும். பட்டியலோ ஏவத்தக்கவற்றை நிரல்பட விரித்துக் காட்டி, கையாள்வோனின் தெரிவுக்குக் காத்து நிற்கும். முன்னதன் சிறப்பு விரைவு. பின்னதன் சிறப்பு விரிவு.

1983இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் லிசாக் கணினியிலே, திரையின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரியும் பட்டியல்கள் இடம்பெற்றன. மென்பொருள்களின் தொழில்கள் பெருகவே, அடிக்கடி வேண்டப்படுவனவற்றைப் படக்குறியுள்ள பொத்தான்களாக்கி வரிசையாக நிறுத்தும் கருவிப்பட்டையும் பெருவழக்காயிற்று. ஆயினும் திரையின் அகலம் எல்லையுடையது. ஆகவே, இனமான தொழில்கள் பலவற்றை ஒரே பொத்தானின் கீழ் அடக்க வேண்டியதாயிற்று. பொத்தானோடு கீழ்விரி பட்டியலை இணைத்தற்குக் காரணம் இதுவே.

இவ்விணைப்பில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அழுத்தியவுடன் செயல் நிகழுமா, பட்டியல் விரியுமா என்னும் ஐயம் கையாள்வோனுக்கு எழும். இதனைத் தீர்க்கும் முறைகள் மூன்று. மென்பொருள் முகப்புக்களை ஆக்குதற்குப் பயன்படும் கியூட் என்னும் நிரற்றொகுதி இம்மூன்றுக்கும் இடமளித்துள்ளது.

முதலாவது, அழுத்தியவுடன் பட்டியலே விரிதல். இங்கே பொத்தானுக்கெனத் தனிச்செயல் இல்லை. இனமான தொழில்களுள் எதுவும் ஏனையவற்றினும் மிகுதியாக வேண்டப்படாதவிடத்து இதுவே தக்கது.

இரண்டாவது, பொத்தானை இரு கூறாக்குதல். படக்குறியுள்ள கூறு செயலை நிகழ்த்தும். அருகேயுள்ள சிறு அம்புக்குறி பட்டியலை விரிக்கும். மைக்ரோசொஃப்ட் வேர்ட் மென்பொருளில், செய்ததை நீக்கும் பொத்தான் இத்தகையது. அதனை அழுத்தின், இறுதியாகச் செய்தது மாத்திரம் நீங்கும். அம்புக்குறியை அழுத்தின், முன்னர்ச் செய்தவை நிரலாகத் தோன்றும்.

மூன்றாவது, சிறிதுநேரம் அழுத்திப் பிடித்தவிடத்தே பட்டியல் விரிதல். பயர்பொக்ஸ் உலாவியிற் பின்செல்லும் பொத்தானை இவ்வாறு பிடித்தால், முன்பு கண்ட பக்கங்களின் பட்டியல் வெளிப்படும். இம்முறை இடத்தை மிச்சப்படுத்தும். ஆயின் அதனை முன்னரே அறியாதவனுக்குப் பயன்படாது.

இவற்றுள் இரண்டாவது முறையே பெரிதும் கவனத்துக்குரியது. இலக்குச் சிறுத்தும் தொலைவு மிகுந்தும் செல்லுந்தோறும், கை அதனை அடைதற்கு வேண்டிய நேரமும் மிகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் போல் பிட்ஸ் 1954இற் சோதனைவாயிலாகக் காட்டினார். அம்புக்கூறு மிகக் குறுகியதாயின், பட்டியலை விரிக்க எண்ணியவன் தன்னையறியாமலே செயலை நிகழ்த்திவிடுவான். கைந்நடுக்கமுள்ள முதியோர்க்கு இவ்விடர் இன்னும் பெரிது. எழுத்தைத் தடிப்பாக்குதல் போன்ற செயலாயின் இழப்பு இல்லை, மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். கடிதத்தைப் பின்னொரு நேரத்தில் அனுப்பக் கருதியவன், அம்புக்குறி தவறி 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டால், போனது போனதே.

எனவே, எச்செயல் மிகுதியாக வேண்டப்படுவது, எச்செயல் தவறி நிகழ்ந்தால் மீட்க முடியாதது என்னும் இரண்டினையும் நிரலாளர் முதலில் ஆய்தல் வேண்டும். மிகுதியாக வேண்டப்படுவதும் மீட்கத்தக்கதுமான செயலே பொத்தானின் முகத்தில் நிற்றற்குரியது. மீட்கவியலாதவற்றைப் பட்டியலினுள் வைத்துத் தெரிவுக்கு விடுதல், அன்றேல் தனிப் பொத்தானாகப் பிரித்து நிறுத்துதல் நலம்.