பள்ளித் தமிழும் வீட்டுத் தமிழும்: கிள்ளான் பள்ளத்தாக்குப் பேச்சுவழக்கு குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் தமிழில் நெடுங்காலமாக இணைந்தே வாழ்ந்து வருகின்றன. ஒரே சமுதாயம் ஒரே மொழியின் இரு வடிவங்களை இருவேறு சூழல்களுக்கென ஒதுக்கி வழங்கும் நிலையைச் சார்லஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1959ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல் ஆகியவற்றை அவர் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டார். பின்வந்தோர் தமிழையும் இந்நிலைக்குத் தக்க சான்றாக எடுத்துக்காட்டினர். நாம் அதனை இரட்டை வழக்கு என்று குறிக்கிறோம்.

தமிழாசிரியருக்கு இஃது ஏட்டளவிலான கோட்பாடு அன்று, அன்றாடக் கேள்வி. வீட்டில் கேட்ட சொல்லை ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதினால் அதனைப் பிழையென்று அடிப்பதா, வேறொரு வழக்கென்று விளக்குவதா? கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய பள்ளத்தாக்கில் வழங்கும் தமிழை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சுவழக்கின் ஊற்றுகள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் ஒரே ஊரிலிருந்து வந்ததன்று. முதல் ஊற்று தோட்டம். இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணிமுறை முதன்மை பெற்றது. தொழிலாளர் உதவிபெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை அது நீடித்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்ததால் ஊர்ப்பேச்சும் கூடவே வந்தது. பல ஊரார் ஒரே லயத்தில் அடுத்தடுத்துக் குடியிருந்தபோது வேறுபாடுகள் தேய்ந்து தோட்டத்திற்கென ஒரு பொதுவழக்கு உருவாயிற்று.

இரண்டாம் ஊற்று இரயில்வே குடியிருப்பு. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே பணியாளர் வாழும் பகுதியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சமயப் பரப்புக் குழுவினரின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றோர் அங்கு எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் வந்து குடியேறினர். 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் அக்குடியேற்றத்தின் அடையாளங்களாக நிற்கின்றன. அவர்கள் பேச்சில் ‘பேசுதல்’ என்பது ‘கதைத்தல்’. ‘இங்கே’ என்பது ‘இஞ்சை’. ‘முடியாது’ என்பது ‘ஏலாது’.

மூன்றாம் ஊற்று நகரத்துக் கடைத்தெரு. மலாய்க்காரரோடும் சீனரோடும் நாள்தோறும் கொடுத்துவாங்கிய உறவில் ‘கித்தா’ (இரப்பர்), ‘கம்பம்’ (சிற்றூர்), ‘பசார்’ (சந்தை), ‘ரோத்தான்’ (பிரம்பு), ‘தவுக்கே’ (முதலாளி) முதலிய சொற்கள் தமிழருடைய வாயில் குடியேறின. இது ஒருவழிப் பாதையன்று. மலாய்மொழியில் வழங்கும் ‘கெடாய்’, ‘காப்பால்’, ‘பெத்தி’, ‘மோடால்’ ஆகியவை முறையே கடை, கப்பல், பெட்டி, முதல் என்னும் நம் சொற்களே.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். சொல் வெளியிலிருந்து வந்தாலும் அதனை ஆளும் இலக்கணம் தமிழாகவே இருக்கின்றது. ‘பசாருக்குப் போறேன்’ என்பதில் நான்காம் வேற்றுமை உருபும், இறுதியில் தன்மை ஒருமை விகுதியும் உரிய இடத்தில் நிற்கின்றன. இன்றைய இளையோர் உணவுப் பொட்டலம் வாங்குவதைத் ‘தாப்பாவ் பண்ணு’ என்கிறார்கள். சீனச் சொல்லோடு தமிழ்த் துணைவினை சேர்ந்து புதிய வினையாகிறது. இதனை மொழிச்சிதைவு என்று மட்டும் கூறி ஒதுக்குவது ஆய்வு நோக்கிற்குப் பொருந்தாது.

இருவகைப் பள்ளிகள்

இம்மூன்று ஊற்றுகளும் ஒரே பள்ளியில் கலக்கவில்லை. இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கருதப்படுவது, 1816இல் பினாங்கு பிரீ பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்பு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. ஆயினும் பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையும் ஓராசிரியருமாகவே இருந்தது. நகரிலோ 1893இல் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷனும் 1897இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியும் தோன்றின. அங்குப் பயிற்றுமொழி ஆங்கிலம். அப்பள்ளிகளின் சான்றிதழ் அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தது. தோட்டப் பள்ளியில் பெற்ற கல்வி பெரும்பாலும் மீண்டும் தோட்டத்திற்கே வழிகாட்டியது.

இவ்வேறுபாட்டைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் ஊதியத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கொடுமை செய்யும் அலுவலரை நீக்கித் தமிழ் பேசும் அலுவலரை அமர்த்துதல், வெள்ளைக்கார நிருவாகிகளின் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். மொழியும் கல்வியும் தன்மானமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை மொழியாய்வாளர் கருதத்தக்க செய்தியாகும்.

1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர். அங்குத் தமிழ் பயிற்றுமொழியன்று. ஒரு பாடம் மட்டுமே.

சில பள்ளி நினைவுகள்

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாங்கள் பயின்றபோது ‘என் தந்தையார்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணிக்கப்பட்டோம். ‘அப்பா விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார்’ என்று எழுதியிருந்தோம். பெரட்டு என்பது வேலைக்குமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம். ஆசிரியர் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘அணிவகுப்பு’ என்று எழுதினார். சொற்பிறப்பின்படி அவர் எழுதியது சரியே. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான் பெரட்டு. ஆனால் அத்திருத்தத்தால் பால்வெட்டும் தந்தை படைவீரர் ஆகிவிட்டார். வகுப்பிற்கு வெளியே அவ்வாசிரியரும் ‘பெரட்டு’ என்றே சொல்வார். அச்சொல்லுக்கு வகுப்பறைக்குள் மட்டும் இடமில்லை.

பின்னாளில் எங்களோடு உயர்கல்வி பயின்ற பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் தம் அனுபவத்தைக் கூறுவார். வீட்டில் அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டவனை ‘உவன்’ என்பார்களாம். பள்ளியில் அச்சொல்லைக் கேட்டவுடன் சிரிப்பெழும். ஆகவே பள்ளி வாசலை மிதித்ததும் அச்சொல்லை விட்டுவிடப் பழகிக்கொண்டாராம். தொல்காப்பியமும் நன்னூலும் அகரம், இகரம், உகரம் ஆகிய மூன்றையும் சுட்டாகக் கூறுகின்றன. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரிதும் மறைந்துபோன உகரச் சுட்டு, கோலாலம்பூரின் ஒரு வீட்டில் உயிரோடு இருந்தது. இலக்கணத்தைக் கற்பிக்கவேண்டிய இடமே அவ்விலக்கணத்தின் வாழும் சான்றை வாய்மூடச் செய்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஆசிரியரின் நோக்கத்தில் குறைகாண்பது எங்கள் கருத்தன்று. தோட்டத்துப் பிள்ளை செந்தமிழ் எழுதி முன்னேறவேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். ஆனால் வீட்டில் பேசுவது தமிழே அன்று என்னும் எண்ணமும் அத்திருத்தங்களோடு பிள்ளைகளின் உள்ளத்தில் பதிந்துவிட்டது. அவ்வாறு பதிந்தோருள் பலர், இடைநிலைப்பள்ளியில் வேறு மொழி கிடைத்தபோது தமிழைக் கைவிடத் தயங்கவில்லை.

லீட்ஸ் நகரம் தரும் பாடம்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1937இல் பிறந்த கவிஞர் டோனி ஹாரிசன், ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் மகன். பதினொரு வயதில் உதவித்தொகை பெற்று லீட்ஸ் கிராமர் பள்ளியில் சேர்ந்தார். கிராமர் பள்ளி என்பது தேர்ந்தெடுத்த மாணாக்கருக்கு இலத்தீன் முதலிய செவ்வியல் பாடங்களைக் கற்பித்த பள்ளி. வகுப்பில் கீட்சின் கவிதையை அவர் தம் நகரத்து உச்சரிப்பில் படித்தபோது ஆசிரியர் இடைமறித்து இழிவுபடுத்திய நினைவைப் பின்னாளில் புகழ்பெற்ற கவிதையாக வடித்தார். பள்ளியும் செவ்வியற் கல்வியும் அவரை உயர்த்தின. அதே வேளையில் பெற்றோரின் பேச்சிலிருந்து அவரைப் பிரித்தன. அவருடைய கவிதைகளில் இவ்விரண்டும் மோதிக்கொண்டே இருக்கின்றன.

அதே லீட்ஸ் நகரின் பல்கலைக்கழகத்தில் ஹரால்டு ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை ஆங்கிலக் கிளைமொழிக் களஆய்வு நடைபெற்றது. 313 ஊர்களில் முதியோரைத் தேடிச் சென்று, வயல், வீடு, கால்நடை, கருவி ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய சொற்களைப் பதிவு செய்தனர். ஒரு நகரின் பள்ளி ஒதுக்கிய பேச்சுவகையை அந்நகரின் பல்கலைக்கழகமே செல்வமாகத் தொகுத்தது. அம்முதியோர் மறைந்தபின் அவ்வாய்வை மீண்டும் தொடங்கியிருக்க இயலாது.

நம் மரபும் நம் கடமையும்

பேச்சுவழக்கை மதித்தல் மேலைநாட்டாரிடம் நாம் கற்கவேண்டிய புதுமையன்று. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியம், நாட்டுப்பகுதிகளின் வழக்குக்குத் திசைச்சொல் என்று தனி இடம் தந்தது. குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர் என்பது போன்ற சான்றுகளை உரையாசிரியர்கள் காட்டினர். எவரும் அதனைப் பிழைப்பட்டியலில் சேர்க்கவில்லை. அண்மைக் காலத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டு இம்மரபைத் தொடர்ந்தார்.

மலேசியாவிலும் முன்னோடிகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்த இராம சுப்பையா, கீழ்ப்பேராக் வட்டாரத் தமிழ்க் கிளைமொழிகளின் சொல்வளத்தை ஆராய்ந்து 1966இல் நூலாக்கினார். முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவ்வாண்டே. ஒரு வட்டாரத்திற்கு அன்று அவர் செய்த பணி, பிற வட்டாரங்களுக்கும் விரிவாகச் செய்யத்தக்கது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்பணிக்குக் காலம் குறுகிவருகின்றது. ஷா ஆலம் நகரம் எழுந்த இடத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. லயம் இடிந்தால் லயத்துச் சொல்லும் நிலைப்பதில்லை. பெரட்டு, நிரை, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களைக் கையால் செய்த வேலையாக அறிந்தவர்கள் இன்று முதியோர். அடுக்குமாடி வீட்டில் வளரும் அவர்களின் பேரப்பிள்ளைகள் அச்சொற்களைக் கேட்டும் இருக்கமாட்டார்கள்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, திருத்தும் முறையை மாற்றலாம். கட்டுரையில் பேச்சுச்சொல் வந்தால் அதனை அடித்துவிடாமல், ‘இது வீட்டு வழக்கு, எழுத்தில் இவ்வாறு வரும்’ என இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டலாம். ‘பெரட்டு’ போல நிகரான எழுத்துச்சொல் இல்லாதவற்றை மேற்கோள் குறிக்குள் இருக்கவிட்டு, பொருளை விளக்கும்படி மாணாக்கரிடமே கேட்கலாம். தேர்வுக்குரிய செந்தமிழை இதனால் தளர்த்தவேண்டியதில்லை. இரு வழக்கின் எல்லையையும் அறிந்த பிள்ளையே இரண்டையும் பிழையின்றி ஆள்கிறது.

இரண்டாவதாக, ஒவ்வொரு பள்ளியும் ஒரு சொல்லேடு தொடங்கலாம். மாணாக்கர் தம் தாத்தா பாட்டியிடம் கேட்டு நான்கு செய்திகளை எழுதவேண்டும்: சொல், அதன் பொருள், அது எந்த வேலையில் அல்லது எச்சூழலில் வழங்கிற்று, சொன்னவர் எந்தத் தோட்டத்தில் எக்காலத்தில் வாழ்ந்தார். நான்காவது செய்தி இன்றேல் ஏனையவை ஆய்வுக்கு அரைகுறையாகவே பயன்படும். ஒலிப்பதிவும் சேர்ந்தால் சிறப்பு. அக்கருவி இன்று அனைவர் கைப்பேசியிலும் உள்ளது. இவ்வேடுகளைத் தொகுத்து ஒப்பிட்டு அகராதியாக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டும்.

முடிவுரை

காலை உணவைத் தமிழ்நாட்டு நகரங்களில் ‘டிபன்’ என்று வழங்குவதை நாம் அறிவோம். இங்கு நம் மக்கள் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்கிறார்கள். பசி ஆறுதல் என்னும் தூய தமிழ்த்தொடர் ஒரு வேளை உணவின் பெயராகவே நிலைத்துள்ளது. இது நூலைப் பார்த்து அமைத்துக்கொண்ட கலைச்சொல்லன்று. உழைக்கும் மக்களின் நாவில் தங்கிய சொல். செந்தமிழைக் கற்பிப்பது பள்ளியின் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளிக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு தமிழோடுதான் வருகிறது. அதனை வாசலிலேயே விட்டுவரச் சொல்லாமல், உள்ளே கொண்டுவரச் செய்து பெயரிட்டுப் பதிந்துவைத்தல், இத்தலைமுறை ஆசிரியர்களால் மட்டுமே இயலும் பணியாகும். சொன்னவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.