வேலியோரம் எதை நடுவது, எங்கே நடுவது?

மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு எல்லைப் பிரச்சினை அவ்வளவாக இருந்ததில்லை. வீடும் நிலமும் தோட்ட நிர்வாகத்துடையவை. வாசலில் முருங்கை, பின்னால் வாழை, நடுவில் யாரோ ஊன்றிய செம்பருத்தி, அதுதான் வேலி. இன்று அந்தக் குடும்பங்களில் பலர் தாமான்களில் சொந்த வீட்டுக்காரர்கள். மரம் நட்டால் அது யாருடைய நிலத்தில் நிற்குது என்ற கேள்வி வந்துவிடுகிறது. இதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தால் மாணவர்கள் நிழல், தூய காற்று என்று நான்கு வரியோடு நிறுத்திவிடுவார்கள். எழுத வேண்டியது இன்னும் இருக்கு.

மண்வெட்டி எடுப்பதற்கு முன் எல்லைக்கல்லைத் தேடணும். கெரான் எனப்படும் நிலப்பட்டாவின் வரைபடத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கல் காணாமல் போயிருந்தால் நாமே ஒன்றை நட்டுவிட முடியாது. உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் அளந்து வைக்க வேண்டும். கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி குற்றம். கல்லை ஒட்டியே செடி வைப்பதும் வேண்டாம். வேர் தடித்தால் கல் சாய்ந்துவிடும்.

உயிர்வேலிக்குச் செம்பருத்தியை மிஞ்ச ஆளில்லை. விரல் தடிமனில் ஓரடிக் குச்சிகளை மழைக்காலத்தில் ஒன்றரை, இரண்டடி இடைவெளியில் ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். கத்தரிக்கும்போது அடி அகலமாகவும் உச்சி ஒடுக்கமாகவும் இருக்கணும். உச்சி அகன்றால் கீழே வெயில் படாமல் இலை உதிர்ந்து, வேலி காலில்லாமல் நிற்கும். தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கம் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவையை வேலியாக வளர்க்கிறார்கள், மாடு தாண்டாது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடும் உயிர்க்கம்புக்குக் 'கதியால்' என்றே பெயர். மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய சொற்கள் இவை. ஆனால் வேலி என்றதும் 'வேலியே பயிரை மேய்ந்தது போல' என்பதை நுழைக்காதீர்கள். காக்க வேண்டியவரே கெடுப்பதைச் சொல்லும் பழமொழி அது. செடி நடும் கட்டுரையில் ஒட்டாது.

மரம் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். மாமர வேர் கால்வாயைப் பெயர்க்கும். முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும். கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்காமலே ஒன்று கிடைக்கும்!

கிளை எல்லை தாண்டினால்? 1894இல் லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, தன் நிலத்துக்கு மேல் நீளும் கிளையை ஒருவர் எல்லைவரை வெட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலப் பொதுச் சட்ட மரபை நம் 1956ஆம் ஆண்டு குடியியல் சட்டமும் ஏற்கிறது. ஆனால் அடுத்தவர் வளாகத்துக்குள் நுழைந்து வெட்டக்கூடாது. வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரத்துக்காரருடையவை. மாம்பழச் சண்டைகள் பெரும்பாலும் இது தெரியாமல்தான் முற்றுகின்றன. வெட்டுவதற்கு முன் "அண்ணே, கிளை இந்தப் பக்கம் வருது" என்று ஒரு வார்த்தை சொல்வது நல்லது.

சொந்த மரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட, 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி எழுத்து மூலமான அனுமதி தேவை. சில விதிவிலக்குகள் உண்டு. மம்பாவ்காரர்கள் கேட்க வேண்டிய இடம் சிரம்பான் மாநகர் மன்றம்.