டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் குடிவந்தவர்கள்

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போய் வருகிறார்கள். நகர வாசலில் இறங்கி, கிங்ஸ் தெருவில் நேராக நடந்து, டேனிஷ் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, கடலில் கால் நனைத்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். கோட்டையைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் 225 ஆண்டுகள் ஒரு குளிர் தேசத்து ஜனங்கள் நம் காவிரிக் கரையோரத்தில் என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் என்ன பாஷையில் பேசினார்கள், சித்திரை வெயிலை எப்படித் தாங்கினார்கள் என்பதைக் கோட்டைச் சுவர் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் பெரிதாகப் படுகிறது.

இன்றைக்கு வட ஐரோப்பியர்கள் வெயில் தேடி ஸ்பெயின் கடற்கரைக்குக் குடிபோகிறார்கள். வலென்சியாவிலும் மலாகாவிலும் வீடு பிடித்து, சந்தைக்குப் போக மொழி கற்று, மதியம் கடை அடைக்கும் வழக்கத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்கிறார்கள். பிடிக்காவிட்டால் சில மணி நேரத்தில் விமானத்தில் ஊர் திரும்பிவிடலாம். 1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயின் கப்பல்களில் இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இலங்கையை வந்து தொடவே ஒன்றரை ஆண்டு ஆனது. கண்டி அரசரோடு நினைத்தபடி உடன்பாடு அமையாமல் போனதும் அவர்களுடைய கண் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியது.

தஞ்சையில் அப்போது இரகுநாத நாயக்கரின் ஆட்சி. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் வேரூன்றியிருந்தார்கள். அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்கார வியாபாரி பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நாயக்கர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னோலை, தமிழ் எழுத்துகளோடு, இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டை கட்ட டேனியர்களுக்குக் கிடைத்த இடம் வெறும் மணல்மேடு அல்ல. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயில் அதற்கு முன்பே அங்கே மூன்று நூற்றாண்டுகளாக நின்றது. சடங்கன்பாடி என்று கல்வெட்டில் பெயர் பெற்ற பழைய துறைமுகம் அது. வந்தவர்கள் ஒரு புது ஊரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஊருக்குள் வந்து இடம் பிடித்தார்கள்.

இடம் பிடித்தாயிற்று, சோற்றுக்கு என்ன வழி? ஊரைச் சுற்றி இருந்தது கம்பு விளையும் வானம் பார்த்த பூமி அல்ல, நெல் விளையும் டெல்டா. போறையார், தில்லையாடி, ஒழுகைமங்கலம் முதலிய சுற்றுக் கிராமங்கள் காலப்போக்கில் டேனியர் கைக்கு வந்தன. ஆனால் அதற்கு அப்பால் விளைந்த நெல்லெல்லாம் தஞ்சை அரசின் நெல். தஞ்சாவூரோடு உறவு சீராக இருக்கும்வரை மூட்டைகள் வந்தன. மனஸ்தாபம் என்றால் முதலில் அடைபட்டது சாலை. 1699-இல் தஞ்சைப் படை தரங்கம்பாடியை முற்றுகையிட்டபோது, ஆங்கிலேயர் உதவிக்கு வந்ததால்தான் ஊர் தப்பியது. கோட்டைக்குள் எத்தனை பீரங்கி இருந்தாலும் அடுப்பு எரிய மதிலுக்கு வெளியே இருந்தவர்களின் தயவு வேண்டும். இந்தக் குடியேற்றத்தின் வரலாறு முழுக்க இந்த உண்மை ஓடுகிறது.

அதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்துகொண்டவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. 1640-களில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. 1650-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைக்கப்பட்டது. சுரத்திலும் வயிற்றுப்போக்கிலும் டேனியர்கள் ஒவ்வொருவராக மாண்டார்கள். 1655-இல் தலைவராக இருந்தவரும் இறந்த பிறகு, பெரிய குடும்பத்துப் பின்னணி எதுவும் இல்லாத இந்தக் கோங்ஸ்பாக்கேதான் பொறுப்பை ஏற்றார். தாய்நாட்டிலிருந்து சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, ஆள் இல்லை. உள்ளூர்ச் சிப்பாய்களையும் வியாபாரிகளையும் நம்பிக் கோட்டையைக் காப்பாற்றினார். நகரைச் சுற்றி மதில் எழும்பியதும் இவர் காலத்தில்தான். வங்கக் கப்பல்களைக் கடலில் மறித்துக் கொள்ளையடித்ததும் அவருடைய பிழைப்பில் ஒரு பங்கு, அதை மறைப்பதற்கில்லை. 1669-இல் அடுத்த டேனிஷ் கப்பல் வந்து நின்றபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தாய்நாடு மறந்துவிட்ட ஊரில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த தமிழர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இது ஒரு மாதம்கூட நடந்திருக்காது. அந்தச் சிப்பாய்கள், செட்டிகள், சமையல்காரர்கள் ஒருவர் பெயரும் நம் பாடப் புத்தகங்களில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது என்றாலும் வாய் திறந்து பேச பாஷை வேண்டுமே. தரங்கம்பாடித் தெருவில் டேனிஷ் மொழி செல்லாது. போர்ச்சுக்கீசியர் வந்து நூறாண்டுக்கு மேல் ஆனதால், கடற்கரை வியாபாரத்திலும் கலப்புக் குடும்பங்களிலும் வேலைக்காரர்கள் மத்தியிலும் புழங்கியது ஒருவகை உடைந்த போர்ச்சுக்கீசிய மொழி. டேனியர்கள் அதை வைத்தே காலத்தை ஓட்டினார்கள். மற்றதற்கெல்லாம் துபாஷ் என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். இப்படி இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஊரின் மொழியைக் கற்காமலேயே இருந்துவிட முடிந்தது.

1706 ஜூலை 9-ஆம் தேதி வந்திறங்கிய இரண்டு ஜெர்மானியர்கள்தான் அதை மாற்றினார்கள். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகள் அவர்கள். புளுட்சோ போர்ச்சுக்கீசியத்தை எடுத்துக்கொண்டார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். அகராதி இல்லை, இலக்கணப் புத்தகம் கையில் இல்லை. வயதான ஒரு வாத்தியாரைத் தன் திண்ணைப் பள்ளிக்கூடத்தை அப்படியே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் உட்கார்ந்து, விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் இருபத்து நான்கு வயது சீகன்பால்கு. கம்பெனியில் துபாஷாக இருந்த அழகப்பனைப் பேச்சுத் துணைக்கு வைத்துக்கொண்டார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். இரண்டே ஆண்டில், 1708-இல், 119 தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பெழுதி ஒரு பட்டியல் தயாரித்தார். மதம் மாற்ற வந்தவர்தானே என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு ஐரோப்பியர் நம் நூல்களை இவ்வளவு அக்கறையோடு படித்தது சாதாரணக் காரியமல்ல. ஊர் மக்களோடு அவர் இப்படி ஒட்டிப் பழகியது டேனிஷ் அதிகாரிகளுக்கே பிடிக்கவில்லை. கோட்டைச் சிறையில் நாலு மாதம் அவரை அடைத்து வைத்தார்கள். அழகப்பனுக்கு ஊரை விட்டே போக வேண்டிய கதி வந்தது.

அக்கம்பக்கத்துத் தமிழர்கள் இந்த வெள்ளைக்காரர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள்? அதிர்ஷ்டவசமாக அதற்குப் பதிவு இருக்கிறது. மிஷனரிகள் கேள்விகளை எழுதி அனுப்ப, தமிழர்கள் எழுதிய 99 பதில் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட கடிதங்கள் அவை. பதில்களில் ஒளிவுமறைவு இல்லை. மாட்டிறைச்சி தின்கிறார்கள், குடித்துவிட்டு ஆடுகிறார்கள், கண்ட இடத்தில் துப்புகிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையாகக் குறை சொல்லியிருக்கிறார்கள். குடியேறிகளைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் எந்த நாட்டிலும் சொல்லும் குறைகள்தான். இங்கே சொன்னவர்கள் ஆளப்பட்டவர்கள், சொல்லப்பட்டவர்கள் ஆண்டவர்கள். அப்படியிருந்தும் அச்சமில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

மிஷனரிகள் அச்சகம் வைத்த கதை ஊரோடு ஒட்டிப் பிழைக்கும் கலைக்கு நல்ல உதாரணம். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம் வரிகள்தான் அடங்கின. கப்பலில் வந்த காகிதம் தீர்ந்துகொண்டே போனது. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. காகிதத்துக்காகப் போறையார்ப் பக்கம் ஆலை போட முயன்றார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெயிலைச் சமாளித்ததற்குக் கொத்தனார்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். டென்மார்க்கில் வீடு கட்டுவது இருக்கிற கொஞ்ச வெயிலை உள்ளே விடுவதற்கு. இங்கே வேலை நேர்மாறு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடிமனான சுவர், தெருப் பக்கம் தூண் வைத்த தாழ்வாரம், உயரமான உத்தரம், பகலில் சாத்தி வைக்கும் மரக் கதவுகள். தளம் மெட்ராஸ் டெரஸ்: மரக் கட்டைகளின் மேல் செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வாக அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். அந்தத் தளத்துக்கு அடியில் உச்சி வேளையில்கூட நெற்றி வியர்க்காது. வடிவத்தில் ஐரோப்பியத் தோரணை, வேலைப்பாட்டில் நம் ஊர்க் கை. பக்கத்துத் தெருவின் திண்ணை வீடும் முற்றமும் சொல்லித் தராமல் கோபன்ஹேகன் எஞ்சினியர் யாருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்காது. மாலையில் கடற்காற்று எழும்பியதும் பங்களாவாசிகள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். வசதியானவர்களுக்குப் போறையார்ப் பக்கம் தோட்ட வீடுகளும் இருந்தன.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. இவர்கள் வெறும் விருந்தாளிகள் அல்லர். வரி வாங்கினார்கள், தண்டனை கொடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் மனிதர்களை வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கும்பி காய்ந்து பிள்ளையை விற்ற தாய்க்குத் தாழ்வாரத்துத் தூண்களின் அழகு ஒரு பொருட்டல்ல.

ஆனால் ஊரோடு கரைந்தவர்களும் இருந்தார்கள். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், 48 ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் கண்மூடும்வரை ஒருமுறைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. தமிழும் மராத்தியும் பாரசீகமும் பேசினார். ஹைதர் அலி படையெடுப்பில் டெல்டா சீரழிந்து, குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார்கள். அரசன் சொல்லையும் நம்பவில்லை, ஆங்கிலேயக் கம்பெனி சொல்லையும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஜாமீன் சொன்ன பிறகுதான் நெல் மூட்டைகள் வெளியே வந்தன, ஏரும் வயலில் இறங்கியது. விளைந்ததைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று குடியானவன் ஒரு அந்நியன் பேச்சை நம்பிப் போகம் வைப்பதைவிடப் பெரிய நற்சான்று இந்த மண்ணில் இருக்க முடியாது. அவர் கையில் வளர்ந்த சரபோஜி மன்னர், ஜான் ஃபிளாக்ஸ்மேனிடம் செய்வித்த சலவைக்கல் சிற்பம் தஞ்சை சிவகங்கைக் குளத்துப் பக்கத்து ஆலயத்தில் இருக்கிறது. சாகும் தறுவாயில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி அது.

1845-இல் டென்மார்க் கடையைக் கட்டியது. வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்குக் கைமாறியது. சில காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் அலுவலகம் இங்கே இருந்தது. பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுகத்தின் வியாபாரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. 2004 சுனாமி ஊரை உலுக்கியது; மீனவக் குடும்பங்கள் இழந்ததற்கு ஈடே இல்லை. அதன் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு சில தெருக்களில் திண்ணை வீடுகளையும் பழுது பார்த்தது. கவர்னர் பங்களாவுக்குக் கிடைத்த கவனம் ஒரு கைவினைஞர் வீட்டுக்கும் கிடைத்தது நல்ல காரியம். இன்னும் நிறைய வீடுகளுக்குக் கிடைக்க வேண்டும். ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடும் வேகத்தில், சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனார்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தக் கைத்தொழிலுக்கு இந்த ஊரிலேயே ஒரு பயிற்சிக்கூடம் வைத்தால் அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்த முறை போகிறவர்கள் கோட்டைக்கு ஒரு மணி நேரம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய், அங்கேயே அடக்கமான சீகன்பால்குவின் கல்லறையைப் பாருங்கள். பிறகு தட்டார் தெருப் பக்கம் நடந்து, பழுது பார்த்த திண்ணைகளில் கொஞ்சம் உட்காருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் காற்று நன்றாக வரும்.