கெவுட கல்லும் கணக்குப் படித்த பிள்ளையும்

மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் இரத்தினபுரிக்கு வந்திருந்தார். அவருடைய மகன் பொறியியல் படித்து, கொழும்பில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் ‘குவொன்ட்’ படிக்கப் போகிறானாம். “நானா, கையில் இருக்கிற காசு காணாது. ரெண்டு ஏக்கர் இறப்பர் காணியை விற்கச் சொல்கிறான். இது என்ன படிப்பு? விற்கலாமா?” என்று கேட்டார்.

இதே கேள்வி இன்னும் பல வாப்பாமாரிடம் இருக்கக்கூடும். ஆகவே அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

இது என்ன தொழில்?

‘குவொன்டிடேட்டிவ் ஃபினான்ஸ்’ என்பது, நாளை என்ன விலை வரும் என்று நிச்சயமில்லாத ஒன்றுக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம் என்று கணக்குப் போடும் தொழில். நம் ஊருக்கு இது புதிதல்ல. பால் நிறக் கெவுட கல்லை ஒரு காலத்தில் நம்மவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிச் சென்று, சூடாக்கி நீலமாக்கி விற்றார்கள். சூளைக்குள் போகும் கல் நீலமாகலாம், ஆகாமலும் போகலாம், வெடிக்கவும் செய்யலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சூடாக்கும் செலவோடு ஒரு கல் 120,000 ரூபா. நீலமானால் 500,000, தவறினால் 20,000. பத்தில் மூன்று நீலமாகும் என்பது உங்கள் அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கல்லின் சராசரிப் பெறுமதி 164,000. நல்ல வியாபாரம்தான். ஆனால் முழு முதலையும் ஒரே கல்லில் போட்டால், பத்தில் ஏழு தடவை நட்டம். பல கற்களில் பிரித்துப் போட்டவனுக்குத்தான் சராசரி கைகொடுக்கும். குவொன்ட் வேலை செய்பவர்கள் இதே கணக்கைப் பங்கு, நாணயம், கடன் என்று ஆயிரக்கணக்கானவற்றுக்குக் கணனி மூலம் போடுகிறார்கள்.

பொறியியலாளருக்கு இடம் உண்டா?

உண்டு. 1973இல் ‘ஒப்ஷன்’ விலைக்கான சூத்திரத்தை மைரன் ஸ்கோல்ஸோடு சேர்ந்து வெளியிட்ட பிஷர் பிளக் முதலில் படித்தது பௌதிகவியல். அதை விரிவாக்கிய ரொபர்ட் மேர்ட்டன் பொறியியல் கணிதம் படித்தவர். ஸ்கோல்ஸுக்கும் மேர்ட்டனுக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், கணனி நிரல் ஆகியவற்றில் தேர்ந்த பிள்ளைக்குப் பாதி வழி முடிந்தது.

மீதிப் பாதி, கணக்கை எங்கே நம்பக் கூடாது என்று அறிவது. அந்த இருவரும் பங்காளிகளாக இருந்த ‘லோங் டேர்ம் கெப்பிட்டல் மனேஜ்மென்ட்’ நிறுவனம், நோபல் பரிசுக்கு மறு வருடமே, 1998இல் ரஷ்யா கடனைத் திருப்பிக் கொடுக்காதபோது நிலைகுலைந்தது. 14 நிதி நிறுவனங்கள் 3.6 பில்லியன் டொலர் போட்டு அதைத் தாங்க வேண்டி வந்தது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பழைய நாட்கள் போலவே புதிய நாட்களும் இருக்கும் என்று எண்ணியதும், அளவுக்கு மீறிக் கடன் வாங்கியதும்தான் பிழை. மகனுக்கு இதைச் சொல்லித்தர லண்டன் தேவையில்லை, கடனுக்கு சீமெந்து கொடுத்து ஏமாந்த வாப்பா போதும்.

உள்நாட்டில் வழி உண்டா?

லண்டனில்தான் எல்லாம் என்பது சரியல்ல. 1996இல் ஆரம்பித்து மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2011 பெப்ரவரி முதல் லண்டனில் பங்குகள் கைமாறியது நம் நாட்டுப் பொறியியலாளர்கள் உருவாக்கிய மென்பொருளில்.

வங்கிகளிலும் இடமுண்டு. 2008 முதல் பாசல் 2 விதிகளும், 2017 முதல் பாசல் 3 விதிகளும் இங்கு நடைமுறைக்கு வந்தன. 2018 முதல், கடன் கொடுக்கும்போதே அது திரும்பி வராமல் போகும் சாத்தியத்தைக் கணித்து ஒதுக்கீடு செய்யும் கணக்கியல் நியமமும் வந்தது. நீங்கள் கடன் கேட்டுப் போகும்போது உங்களை எடைபோடும் கணக்கும் அதுதான். அதைப் போட ஆட்கள் வேண்டும். இடர் முகாமைக்கான எஃப்.ஆர்.எம். பரீட்சை இரண்டு பகுதிகள். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம்.

நம்மவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஃபிக்ஹ் கழகம் 1992இல் ஜித்தாவில் கூடியபோது, சந்தைகளில் நடக்கும் ஒப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்று தீர்மானித்தது. வட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பிரிவில் வேலை என்பதை முதலிலேயே ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. தகாஃபுலுக்கும் இஸ்லாமிய வங்கிக்கும் இடரைக் கணிக்கத் தெரிந்தவர்கள் தேவை.

நண்பருக்குச் சொன்னது இவ்வளவுதான். மகன் வேலையை விடாமல் ஒரு வருடம் இரவில் படிக்கட்டும். எஃப்.ஆர்.எம். முதல் பகுதியை எழுதட்டும். இங்குள்ள வங்கிகளின் இடர்ப் பிரிவுகளுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால், புலமைப்பரிசில் தேடிவிட்டுக் கடைசியாகக் காணியைப் பற்றிப் பேசலாம்.

“ஒரு வருடம் வீணாகாதா நானா?” என்றார்.

“சூளைக்குப் போடுமுன் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோமே, அது வீணா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.