வீடூர் அணைக்கு 86 கிராம்

வீடூர் அணையின் உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இந்த இரண்டு எண்களும் தலைகீழ்ப் பாடம். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 1,700 கோடி. அவ்வளவு தண்ணீரிலும் உள்ள சிறுமீன்களின் ஆண்மையைக் குலைக்க எவ்வளவு ஹார்மோன் கரைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். விடை 86 கிராம். பெட்டிக்கடையில் தொங்கும் டீத்தூள் பாக்கெட்டே 100 கிராம் இருக்கும்.

கணக்கு என்னுடையது, அளவு கனடாவில் சோதித்துப் பார்த்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 260ஆம் எண் ஏரியைத் தேர்ந்தெடுத்து, 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழு அதில் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைக் கலந்தது. லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம், அவ்வளவுதான்; என் கணக்கு 5ஐ வைத்து. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் நானோகிராம். முட்டையின் மஞ்சள் கருவுக்காகப் பெண் மீன் மட்டுமே சுரக்க வேண்டிய வைட்டலோஜெனின் என்ற புரதம் ஆண் மீன்களின் உடம்பில் பெருகியது. விந்தகத்தைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே முட்டை அணுக்கள். ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் ஏரியிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. குஞ்சு பொரிக்காமல் அற்றுப்போனதால், கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஹார்மோனை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன் மீண்டது என்பது ஒரு நல்ல செய்தி.

ஆணா பெண்ணா என்பது நமக்குக் கருவிலேயே முடிந்துபோகும் விஷயம்; மீனுக்கு முட்டை பொரித்த பிறகும் அது முடிவாகாமல் இருக்கிறது. குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு முதல் சில வாரங்கள் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அந்த நாட்களில் எந்த ஹார்மோன் ஓங்குகிறதோ, அந்தப் பக்கம் சாயும். சில மீன்கள் வளர்ந்த பிறகும் மாறும். மரக்காணம் பக்கம் உப்பங்கழியில் பிடிபடும் கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வயதேறியபின் பெண்ணாகிறது. கலவா இதற்கு நேர் எதிர். கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைக்க இந்தத் தலைகீழ் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல்தான் அதைச் சாதித்தது.

இந்த நெகிழ்வை மனிதன் தொழிலாகவே மாற்றிக்கொண்ட இடம் ஜிலேபி கெண்டை. மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்தது. வாயிலேயே முட்டையை அடைகாத்து, விட்ட இடமெல்லாம் பெருகி, ஏரியில் இருந்த மற்ற மீனை ஒதுக்கியது. 1959இலேயே இதைப் பரப்பத் தடை போட்டார்கள். மீன் தடையைப் படிக்கவில்லை. இன்று மீன்பாசி ஏலம் எடுக்கும் எந்த ஏரியிலும் வலையில் அது வந்து விழுகிறது. இப்போது பண்ணைக் குட்டைகளில் விடுவது வேறு வகை. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத் திட்டத்தில் நைல் திலேப்பியாவிலிருந்து பிறந்த ‘கிப்ட்’ திலேப்பியா அது. நம் மாநில மீன்வளப் பல்கலைக்கழகம் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் அதன் குஞ்சை உற்பத்தி செய்கிறது. ஒற்றைப் பாலினமாக அல்லது மலடாக இருந்தால் மட்டுமே வளர்க்கலாம் என்பது இப்போதைய ஏற்பாடு.

ஏன் ஒற்றைப் பாலினம்? பெண் திலேப்பியா வாயில் முட்டையை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பட்டினி கிடக்கும், எடை ஏறாது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் நாலு மாதத்தில் குட்டை நிறைய விரலளவுக் குஞ்சுதான் மிஞ்சும், தீவனக் காசுகூடத் தேறாது. ஆகவே எல்லாக் குஞ்சையும் ஆணாக்குகிறார்கள். செய்முறை உலகெங்கும் ஒன்றே. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் தூளை எத்தனாலில் கரைத்து, தீவன மாவில் தெளித்து, நிழலில் உலர்த்துவார்கள். கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம். பொரித்த குஞ்சுக்கு மூன்று முதல் நான்கு வாரம் கொடுத்தால் போதும். பெண்ணாக வளர இருந்ததும் ஆணாக நீந்தும்.

நெடுஞ்சாலையோரம் உயிர் மீன் விற்கும் இடங்களில் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “ஊசி போட்ட மீனா?” இந்த மீன் தின்றால் ஆண்களுக்குக் குழந்தை பிறக்காது என்ற வாட்ஸ்அப் புரளியும் வருஷம் தவறாமல் சுற்றுகிறது. ஊசி ஏதுமில்லை. ஹார்மோன் தின்றபோது அந்த மீனின் எடை கிராமுக்குள் அடங்கும்; தட்டுக்கு வரும்போது அரைக் கிலோ, நடுவில் ஐந்தாறு மாத இடைவெளி. உண்பவர் தட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயப்பட வேண்டிய இடம் குஞ்சுப் பொரிப்பகத்தின் கழிவுநீர் வாய்க்கால். தின்னாமல் மிஞ்சிய தீவனமும் கழிவும் அடிவண்டலில் தங்கும், நீரோடு வெளியே போகும். பொடியைக் கலக்கும் தொழிலாளி கையுறை, முகக்கவசம் இல்லாமல் கலந்தால் அதுவும் ஆபத்துதான். ஆண் குரோமோசோம் இரட்டையாக உள்ள தந்தை மீனை உருவாக்கிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு ஹார்மோனே தேவையில்லை. அந்த வழி இருக்கிறது, செலவும் பொறுமையும் கேட்கும்.

பண்ணைக்காரருக்காவது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். ஏரிக்கு வருவதை யாரும் அளந்து ஊற்றுவதில்லை. இங்கிலாந்தில் லீ ஆற்றில் தூண்டில் போட்டவர்கள் எழுபதுகளின் இறுதியிலேயே ஆணும் பெண்ணும் கலந்த ரோச் மீன்களைக் கவனித்தார்கள். நாடெங்கும் இதே கதை என்று 1998இல் உறுதியானபோது, சாக்கடை நீரில் வந்த பெண் ஹார்மோன்கள்மேல் பழி விழுந்தது, கருத்தடை மாத்திரையிலிருந்து வந்ததும் அதில் சேர்த்தி. அந்தக் குற்றவாளிப் பட்டியலை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஒரு மாலா-டி மாத்திரையில் 0.03 மில்லிகிராம்தான் எத்தினைல் எஸ்ட்ரடையால். என் 86 கிராமுக்கு 29 லட்சம் மாத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் மாத்திரை சாப்பிடுபவர்கள் சொற்பம். குடும்பக் கட்டுப்பாடு என்றாலே இங்கே பெண்களுக்கான ஆபரேஷன்தான்.

நம் பட்டியல் வேறு. மனிதச் சிறுநீரில் இயற்கையாகவே பெண் ஹார்மோன் இருக்கிறது, கர்ப்பிணிகளுடையதில் அதிகம். சினை மாட்டின் சாணத்திலும் கோமியத்திலும் அப்படியே. ஏரிக்குள் மாடு இறங்குவதும், தெருச் சாக்கடை ஏரி வாய்க்காலில் சேர்வதும் எந்த ஊரில் இல்லை? அடுத்தது சோப்பு நுரை. சிலவகைச் சலவைப் பொருட்கள் சிதைந்தால் வரும் நோனைல்பீனால், மீனின் உடம்பில் பெண் ஹார்மோன்போல் வேஷம் கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005லிருந்து அதைக் கட்டுப்படுத்தியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பாபு ராஜேந்திரன் குழு காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் இந்த வகைப் பீனால்களையும், பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால்-ஏவையும் அளந்து 2014இல் வெளியிட்டது. விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கம் சுற்றுவட்டாரம் கரும்பு பூமி. கரும்புக்குக் களைக்கொல்லியாகத் தெளிக்கும் அட்ரசின் ஹார்மோன் அமைப்பைக் குலைக்கும் என்ற குற்றச்சாட்டு வெகுநாளாக உண்டு. அதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. ஐரோப்பா அதைக் கைவிட்டது. இந்தியா 2020இல் வெளியிட்ட 27 பயிர் மருந்துகளின் தடை வரைவில் அதன் பெயர் இருந்தது, வரைவோடு நின்றது.

காலமும் நம் மீன்களுக்கு எதிராக இருக்கிறது. கெண்டையும் கெளுத்தியும் புதுத் தண்ணீர் வரும்போதுதான் எதிரேறிப்போய் முட்டையிடும். வாய்க்காலில் கோடை முழுதும் தேங்கியதை, வயலில் தெளித்ததை, தெருவில் கிடந்ததை எல்லாம் முதல் மழை கழுவிக்கொண்டு வருவதும் அதே நாட்களில்தான். 2024 டிசம்பர் முதல் தேதி காலைவரையிலான ஒரு நாளில் மயிலத்தில் 51 செ.மீ. கொட்டியதுபோல் பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும். சாதாரண ஆண்டின் முதல் இரண்டு மழையில் அந்தச் சலுகை கிடையாது.

ஹார்மோனை நானோகிராமில் அளக்கும் கருவி விலையுயர்ந்தது. அதற்கு முன்னால் காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம். கொசுப்புழுவைத் தின்னச் சுகாதாரத் துறையினர் கிணற்றிலும் குட்டையிலும் விடும் கம்பூசியா மீன் 1928லிருந்து இந்தியாவில் இருக்கிறது. இன்று சாக்கடையிலும் உயிரோடு திரிகிறது. குட்டி போடும் மீன் அது. ஆணுக்கு அடித்துடுப்பு நீண்டு குச்சிபோல் இருக்கும், பெண்ணுக்கு விசிறிபோல் குட்டையாக இருக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் காகித ஆலைக் கழிவு விழுந்த ஓடை ஒன்றில் பெண் கம்பூசியாக்கள் ஆணின் துடுப்போடு திரிந்ததை 1980இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் சாக்கடை நீர் கலந்த ஆறுகளில் ஆணின் துடுப்பு குறுகிப்போனது. விக்கிரவாண்டி பாலத்தடியில் வராக நதியில் ஐம்பது, சாக்கடை கலக்காத குளமொன்றில் ஐம்பது என்று பிடித்து, திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் அளவுகோலும் சாதாரண நுண்ணோக்கியும் வைத்துத் துடுப்பை ஒப்பிட்டால் ஒரு மாலை வேலை. இரண்டு இடத்து அளவும் வேறுபட்டால், அப்போது ஆற்று நீரைப் பாட்டிலில் பிடித்து, ஹார்மோனை அளக்கச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.